ஆட்டை யார் கட்டிப்போட்டது?

நெய்வேலி
12.5.2024

அன்புள்ள பிரியா,

இங்கே வெயிலும் நானும் சௌக்கியம். போனில் பேசினால் சண்டைதான் வருகிறது, சொல்ல வேண்டியதை எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாய். எழுதுகிறேன். திண்டுக்கல்லில் டீச்சர் வேலை வேண்டாம் என்று நான் சொன்னதில் மாற்றமில்லை.

கதை கேட்காமல் அகிலா தூங்கமாட்டாளே, அதற்காக ஒன்று. வடக்குத்து கிராமத்தில் வெள்ளச்சி என்று ஓர் ஆடு. சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் பார்க்க அதற்கு ஆசை. ஒரு ஆபரேட்டர் தன் பெரிய மெஷினால் அலேக்காகத் தூக்கி அக்கரையில் விட்டார். ஊரே கைதட்டியது. எப்படி?

சசிகுமார்

திண்டுக்கல்
16.5.2024

அன்புள்ள அகிலா அப்பாவுக்கு,

மெஷின் வந்ததுமே பிள்ளை தூங்கிவிட்டாள். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆசை ஆட்டுக்கு, கைதட்டல் ஆபரேட்டருக்கா? யாருக்கு ஆசையோ அவள்தான் நடக்க வேண்டும், வழியில் கஷ்டப்பட வேண்டும். கேட்கிறவர்கள் அவளுக்காகத்தானே பயப்படுவார்கள்? உங்கள் கதைகளில் எப்போதும் ஒரு ஆபரேட்டர் நடுவில் வந்துவிடுகிறார். நம் வீட்டிலும் அப்படித்தான்.

கிருஷ்ணப்ரியா

நெய்வேலி
21.5.2024

பிரியா,

அவ்வளவு பெரிய மெஷினை ஓட்டுகிறவனுக்கு ஒரு கதை ஓட்டத் தெரியாதா? கேன்டீனில் கலியமூர்த்தியிடம் சொல்லிப் பார்த்தேன். "அந்த ஆடு ஏன்யா அவ்ளோ நாளா போவாம கெடந்துச்சு? கட்டிப்போட்டு வெச்சிருந்தாங்களா?" என்றான். ஷிப்ட் முழுக்க அதே யோசனை.

திருத்திவிட்டேன். வெள்ளச்சியைக் கயிற்றில் கட்டியிருந்தார்கள். ஒரு காலையில் அதைக் கடித்து அறுத்துக்கொண்டு சுரங்கத்தைச் சுற்றி நடக்கிறது. லாரிகள், புழுதி, தாகம். பாதி தூரம்தான் வந்திருக்கிறது. மெஷின் கிடையாது. படித்துக் காட்டு.

சசி

திண்டுக்கல்
25.5.2024

அகிலா அப்பாவுக்கு,

எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஆட்டுக்குத் தண்ணீர் கிடைக்குமா என்று அழுகை வேறு. அப்புறம் கேட்டாள்: "அம்மா, ஆட்ட யாரு கட்டிப்போட்டது?" அப்பாவிடமே கேட்போம் என்றேன். பதில் எழுதுங்கள்.

பிரியா

நெய்வேலி
29.5.2024

அன்பு அகிலாவுக்கு,

அந்த ஆபரேட்டர்தான் கட்டிப்போட்டான். ஷிப்ட் முடிந்து வரும்போது வெள்ளச்சி வாசலில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. அதற்கும் ஓர் ஆசை இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. வெள்ளச்சி அக்கரை போய்ச் சேர்ந்துவிட்டது. வழியில் குளம் இருந்தது, வயிறு முட்டக் குடித்தது.

பிரியா, ஸ்கூலுக்குச் சரியென்று சொல்லிவிடு. நீ இல்லாத குவார்ட்டர்ஸில் இருக்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடு.

அப்பா

திண்டுக்கல்
2.6.2024

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். ஸ்கூலுக்குச் சரியென்று மே பதினெட்டாம் தேதியே எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்போது உங்கள் கதையில் இன்னும் மெஷின்தான் ஓடிக்கொண்டிருந்தது.

உங்களிடம் அனுமதி கேட்டு நான் காத்திருக்கவில்லை. யார் கட்டியது என்று நீங்களே சொல்ல வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். சொல்லியிருக்காவிட்டால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன்.

ஆபரேட்டர் வெள்ளச்சியைப் பார்க்க வருவாரா என்று அகிலா கேட்கிறாள். வார லீவுக்கு பஸ் ஏறி வாருங்கள். மீதிக் கதையை நேரில் சொல்லுங்கள், வழக்கம்போல் பாதியில் தூங்கிவிடாமல்.

உங்கள் பிரியா