உமா ஹைப்பர் மார்க்கெட் வாசலில் உன் மாமனார்

தென்காசி,
ஆடி வெள்ளி.

அன்பு மகள் உமாராணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், என் முழங்கால்கூட இந்தச் சாரலுக்கு அடங்கித்தான் இருக்கிறது. அமெரிக்காவில் நீயும் மாப்பிள்ளை சுடலைராஜும் பேரனும் சுகமாக இருக்க இலஞ்சிக் குமாரர் பார்த்துக்கொள்வார். போன் செய்தால் நீ எடுப்பதில்லை, எடுத்தாலும் பேரன் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாய், அவன் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறான். அதனால்தான் கூரியரில் கடிதம், இதை அவன் கையில் கொடுத்துத் தப்பிக்க முடியாது பார். குற்றாலத்தில் சீசன் நன்றாக இருக்கிறது, அருவியில் குளித்துவிட்டுத் திரும்புகிற கூட்டம் ஈரத் தலையோடு நம் கடையில் ஏறி இறங்கித்தான் போகிறது.

கடைக்கு ஊரில் எத்தனை பெயர் தெரியுமா. போர்டில் உமா ஹைப்பர் மார்க்கெட் என்று உன் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். செங்கோட்டை வழியாக வருகிற மலையாளத்துக்காரர்கள் ஹைப்பர் என்று சரியாகச் சொல்கிறார்கள், அவர்கள் ஊரிலும் அப்படித்தானாம். காலேஜ் பிள்ளைகளுக்கு இது மால், ராயகிரிக்காரர்களுக்கு சூப்பர் மார்க்கெட், நம் தெருவுக்கு ஏசிக் கடை. நீ அமெரிக்கா போன புதிதில் போனில் சொன்னாயே, அங்கே இந்த மாதிரிக் கடைக்கு பிக் பாக்ஸ் என்று பெயர், லண்டனில் இருக்கிற உன் சிநேகிதி சூப்பர் ஸ்டோர் என்கிறாள் என்று. ஊருக்கு வெளியே அப்படி ஒன்று வந்துவிட்டால் ஊருக்குள் இருக்கிற சின்னக் கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்திவிடும், பாவமா இருக்குப்பா என்றும் சொன்னாய். நீ பாவப்பட்டுச் சொன்னதை நான் மனசில் பத்திரமாகப் போட்டு வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு இன்னொன்றும் சொன்னாய். உன் மாமனார் தங்கசாமி தன் கடை போர்டில் டிபார்ட்மென்டல் ஸ்டோர் என்று எழுதியிருந்தார் இல்லையா, அதை நினைத்துச் சிரித்தாய். இங்க டிபார்ட்மென்ட் ஸ்டோர்னா மாடி மாடியா துணியும் சென்ட்டும் விக்கிற எடம்ப்பா, மாமா கடையில அரிசி மூடையும் ஒரு ஏணியும்தான இருக்கு என்றாய். விளையாட்டாகத்தான் சொன்னாய், தெரியும். ஆனால் போன தடவை நீ வந்துவிட்டுப் போன பிறகு நான் அதை நல்லகண்ணு டீக்கடையில் நாலு பேர் இருக்கும்போது அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் பார்த்தால் டிபார்ட்மென்டல் என்ற வார்த்தைமேல் வெள்ளைப் பெயின்ட் அடித்திருக்கிறார், போர்டு முன்பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. மருமக சொன்னா சரியாத்தான் இருக்கும், படிச்ச பிள்ள என்றாராம்.

ஏன் இப்படிச் செய்கிறேன் என்று கேட்பாய். போன தடவை நீ வந்தபோது ஸ்டேஷனில் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றோம். நீ இறங்கி நேரே அவரிடம் போய், அப்பா நல்லா இருக்கீங்களா என்று கையைப் பிடித்தாய். பிறகு என் பக்கம் திரும்பி, நீங்களும் வந்துட்டீங்களா என்றாய். அந்த 'நீங்களும்' எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. மாமனாரை மாமா என்று கூப்பிடுவதுதான் நம் வழக்கம், நீயும் முன்பு அப்படித்தான் கூப்பிட்டாய். அந்த ஆளிடம் என்ன கண்டாய், நான் உன்னை என்ன குறை வைத்து வளர்த்தேன் என்று ரயில்வே கேட்டில் நிற்கும்போதே கேட்க நினைத்தேன். கேட்கவில்லை, அவர் கடைக்கு எதிரே இருந்த மனையை வாங்கினேன்.

திறப்பு விழாவில் முதல் போணி அவரைத்தான் செய்யச் சொன்னேன். கைராசிக்காரர் என்று ஊரே சொல்லும், புதுக் கடை எது திறந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். போணிக்குக் கூப்பிட்டு வராமல் இருந்தால் கடை விளங்கக் கூடாது என்று நினைத்ததாக ஆகிவிடும், அதனால் வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார். உப்பும் மஞ்சளும் எடுத்து, சம்பந்தி, நல்லா வியாபாரம் ஆகட்டும் என்று மனசாரச் சொன்னார். அவர் கை பொய்க்கவில்லை. அவர் கடையில் என்னென்ன ஓடுமோ அதையெல்லாம் நான் வாங்கிய விலைக்கும் கீழே விற்றேன், பங்குனி முடிவதற்குள் ஷட்டரை இறக்கிவிட்டார்.

இதெல்லாம் உனக்குத் தெரியாது. மாப்பிள்ளைக்கு வேலை போன நேரத்தில் இதைச் சொன்னால் பிள்ளை ஒடிந்துபோவான், கட நல்லா ஓடுதுன்னே இருக்கட்டும் சம்பந்தி என்று என்னிடமும் உன் அம்மாவிடமும் சத்தியம் கேட்டார். உன் அம்மா செய்துகொடுத்தாள், நான் செய்யவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். பையன் கையை எதிர்பார்க்கக் கூடாது என்று வேலை தேடி அலைந்தார், அந்த வயதில் யார் கொடுப்பார்கள். நான் கொடுத்தேன். நம் கடை வாசலில் கண்ணாடிக் கதவைத் திறந்துவிடுகிற வேலை. வாசுதேவநல்லூர்ப் பக்கத்துச் சனங்கள் பளபளவென்று தரையைப் பார்த்ததும் கோயில் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிடுகிறார்கள், செருப்போடயே வாங்க தாயி, ஒண்ணும் சொல்ல மாட்டாக என்று அவர்களிடம் சொல்வதும் அவர்தான், கழற்றிப் போட்டதை ஒதுக்கி வைப்பதும் அவர்தான். நீலச் சட்டை, பாக்கெட்டுக்கு மேலே உமா என்று உன் பெயரைத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். உன் மாமியார் முப்பிடாதி என்னைத் தெருவில் கண்டால் முந்தானையை இழுத்துக்கொண்டு திரும்பிப் போகிறாள். உன் அம்மா கடைக்குள் இதுவரை கால் வைக்கவில்லை, கடுகு வாங்கக்கூட சந்தைக்குப் போகிறாள், என்னோடு பேச்சும் இல்லை. சோறு வைக்கிறாள், எனக்கு அது போதும்.

ராத்திரி ரொம்ப நேரம் போன் பார்க்காதே, கண் கெட்டுவிடும். பேரனுக்குத் தமிழ் பேசக் கற்றுக்கொடு. மாப்பிள்ளைக்குச் சீக்கிரம் நல்ல வேலை கிடைக்க என் ஆசீர்வாதம், அதுவரை அவர் அப்பாவுக்கு இங்கே வேலை உண்டு என்று தைரியம் சொல். பேரனுக்குக் காது குத்த ஐப்பசியில் வருவதாக அம்மாவிடம் நீ போனில் சொன்னது என் காதிலும் விழுந்தது. விசேஷத்துக்குச் சாமான் எடுக்க நம் கடையைத் தவிர இந்தத் தெருவில் இப்போது வேறு கடை கிடையாது. நீ வரும்போது கதவைத் திறந்துவிட அவர்தான் நிற்பார். அந்த வாசலில் எல்லார் முன்னாலும் அவரை என்னவென்று கூப்பிடுகிறாய் என்று என் காதால் கேட்க நான் கல்லாவிலேயே உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அப்பா,
வேல்சாமி.