எழுதாமல் விட்ட ஒரு வரி

என் அன்பு வாப்பா,

உங்களுக்காக யாஸீன் ஓதிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனாலும் கோபம் அடங்கவில்லை. அதை உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

என் நிக்காஹ் அன்று சம்மதம் கேட்க அறைக்குள் வந்தீர்கள். "தோட்டத்து ஸ்கூல் வேலைய விடமாட்டேன். அதையும் ஒப்பந்தத்துல எழுதச் சொல்லுங்க வாப்பா" என்றேன். "எழுதச் சொன்னா மாப்பிள்ளைய நம்பல்ல எண்டு ஆகும் மகள். நான் அவர்ட்ட வாயால சொல்றன்" என்றீர்கள். மாப்பிள்ளை தரும் மஹரை மட்டும் எழுதினார்கள். எனக்காக நீங்களே கையெழுத்தும் போட்டீர்கள்.

இப்போது என் கணவர் அடுத்த ஸ்கூல் தவணையோடு வேலையை விடச் சொல்கிறார். மனைவி தேயிலைத் தோட்டத்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவது அவருக்குக் கௌரவக் குறைச்சலாம். "சாப்பாடு, உடுப்பு, வீடு எல்லாம் தாறன்தானே? எண்ட கடமையில என்ன பிழ?" என்கிறார். ஒரு பிழையும் இல்லை வாப்பா, அதுதான் எனக்கு எரிச்சல். கொடுத்த வாக்கு மட்டும் கடமையில் சேராதா?

குடும்ப வழக்குகளைத் தீர்க்கும் காதியாரிடம் போனேன். பொறுமையாகத்தான் கேட்டார். "எழுத்தில ஈக்கா மகள்? இல்லாட்டி சாட்சி யாரு?" என்றார். சாட்சி நீங்கள் ஒருவர்தான். நீங்களோ பலாங்கொடை மையவாடியில் மண்ணுக்குள் இருக்கிறீர்கள். என் கணவரானால் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்கிறார். உண்மையிலேயே அவரிடம் சொன்னீர்களா வாப்பா? இல்லை, சங்கடப்பட்டு விழுங்கிவிட்டீர்களா? இதை இனி நான் யாரிடம் கேட்பது?

நேற்று பஸ்ஸுக்கு நின்றபோது, கொழுந்து எடுக்கும் செல்வி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "டீச்சர், நீங்க போயிட்டீங்கன்னா எங்க புள்ளைங்களுக்கு யாருங்க இருக்கா?" என்றாள். கையை விடுவித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

வரும் வெள்ளிக்கிழமை தங்கச்சி ஸிஃப்னாவுக்கு நிக்காஹ். உங்கள் இடத்தில், அவளைக் கட்டிக்கொடுக்கும் வலியாக, உங்கள் மகன், எங்கள் நானா நிற்கிறார். அவளுக்கு ஆஸ்பத்திரித் தாதிப் படிப்பு இன்னும் முடியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் படிப்பாள் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னேன். "எழுதினா மாப்பிள்ள வீட்டாக்கள் என்ன நெனப்பாங்க?" என்றார் நானா. அச்சு அசல் உங்கள் குரல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நானா அவளிடம் சம்மதம் கேட்க வரும்போது நான் அறை வாசலில் நிற்பேன். அந்த வரியை எழுதி, மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டுக் கொண்டுவரும்வரை தங்கச்சி சம்மதம் சொல்லமாட்டாள். அவளோடு பேசிவிட்டேன்.

இது என் வாக்கு. வாயால் சொல்லவில்லை வாப்பா, எழுதித் தருகிறேன்.

உங்கள் மூத்த மகள்,
ஸிஃப்னாவின் ராத்தா