ஜெனிட்டாவின் ஓவல்

மார்ச் 6, வியாழன்

இந்தத் தவக்காலம் முழுக்க மீனைத் தொட மாட்டேன், யாரையும் குறை சொல்ல மாட்டேன் என்று மாதாவிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் இதை எழுதாமல் இருக்க முடியுமா? தம்பி செத்த பிறகு நான் தூக்கி வளர்த்த அவன் பிள்ளை ஆல்வின், செங்கல்பட்டில் வாடகை வீடு பார்த்து அட்வான்சும் கொடுத்துவிட்டானாம். "நானும் அத்த மாரி குரோஷா பின்னல் போட்டு சம்பாரிச்சா வாடகைய கட்டிடலாம்"னு அவன் பெண்டாட்டி ஜெனிட்டா அவனிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். கல்யாணமாகி எட்டு மாசம். அதுக்குள்ள தனிக்குடித்தனம் கேக்குதா?

மார்ச் 8

"அத்த, அந்த ஓவல் மேட்டு எனுக்கும் சொல்லிக் குடு அத்த."

மாமல்லபுரத்தில் கடை வைத்திருக்கும் சங்கரி, ஒரு ஓட்டல் மேசைகளுக்கு நாற்பது மேட் கேட்டிருக்கிறாள். ஜெனிட்டா ஒன்று ஒழுங்காகப் போட்டுக் காட்டினால் பாதி அவளுக்காம்.

சொல்லிக் கொடுத்தேன். முப்பது கண்ணி சங்கிலி போடு, ஒரு பக்கம் போ, முனையில் திரும்பி மறுபக்கம் வா. முனைக் கண்ணியில் மூன்று தடவை குத்தினால்தான் ஓரம் படியும். ஆனால் இவளிடம் ஒரு தடவை போதும் என்றேன். போனில் பார்க்கட்டுமா என்றாள். "அதெல்லாம் வெள்ளக்காரன் நூலுக்குடி, நம்ம நூலு வேற" என்றேன். நம்பிட்டா.

பொய்தான். சிலுவைப்பாதை ஜெபத்தில் இன்னும் கொஞ்ச நேரம் முழங்காலில் நின்றுவிடுகிறேன்.

மார்ச் 11

மேட் இல்லை, தேங்காய்ச் சிரட்டை. ஓரமெல்லாம் எழும்பி நிற்கிறது. பிரித்தாள், போட்டாள். மறுபடி சிரட்டை.

மார்ச் 15

ஐந்தாவது தடவை. விரலில் தோல் கிழிந்துவிட்டது. "உனுக்குக் கை இறுக்கம் கண்ணு. பொறவியிலயே அப்டி, இன்னா பண்றது?" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன்.

ஆல்வின் பிடித்துக்கொண்டான். "அத்த எவ்ளோ பொறுமையா சொல்லிக் குடுத்துகினு கீது. உன் மண்டையில ஏறுதா பாரு."

அவள் மறுபடி பிரிக்க ஆரம்பித்தாள். மாதாவே, உமக்கு நன்றி.

மார்ச் 20

அவள் போட்ட மேட்டை அவளையே எடுத்துவரச் சொல்லி சங்கரி கடைக்குக் கூட்டிப்போனேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள். சங்கரி அதைக் கவிழ்த்துப் பிடித்து, "இன்னாக்கா இது, கொழந்தைக்குத் தொப்பியா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சிரிக்காமல் இருந்திருக்கலாம் — பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வரைக்கும் ஜெனிட்டா ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டு வந்தாள். நான் ஜெபமாலை சொன்னேன்.

மார்ச் 28

ஆல்வின் அட்வான்ஸைத் திரும்ப வாங்கிவிட்டான். "ஒருத்தன் சம்பளத்துல முடியாது அத்த."

ஏப்ரல் 9

நாற்பதும் என் தலையில். பதினேழுதான் முடிந்திருக்கிறது. கட்டை விரல் வீங்கி மடங்கவே இல்லை. சங்கரி ஈஸ்டருக்குள் வேணும் என்கிறாள்.

மத்தியானம் ஜெனிட்டாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "முனையில மூணு வாட்டி குத்து கண்ணு. மூணு. போட்டுப் பாரு."

ஊசியைக் கையில்கூட வாங்கவில்லை. "வேணா அத்த. நீ எத்தினி வாட்டி சொல்லிக் குடுத்த. எனுக்குத்தான் வராது."

இல்லடி, நான் சொல்லவே இல்லடி — தொண்டை வரைக்கும் வந்துச்சு. ஆல்வின் உள்ளே வந்துட்டான். முழுங்கிட்டேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

மதுராந்தகத்தில் பிறந்த வீட்டில் பத்து பேருக்கு ஒற்றை ஆளாய்ச் சமைத்துப் போட்ட பெண் ஜெனிட்டா. இன்று அடுப்பில் கறிக்குழம்பு கொதிக்கிறது, உள்ளங்கையில் உப்பை வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நிற்கிறாள்.

"அத்த, இது போதுமா?"

போடு என்று நான் சொல்லும்வரை நின்றாள்.