பூஜ்யத்தை விழுங்கும் பெட்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இங்கே யார் உடம்புக்கும் ஒன்றுமில்லை, எனக்கு மட்டும் உன் செய்தியைப் பிடித்துவைக்க வாங்கிய அந்த வீடியோ ரெக்கார்டரைப் பார்த்தாலே குமட்டுகிறது.

நீ மத்தியானச் செய்தி வாசிக்கும் நேரத்தில் நான் ஆபீசில் இருப்பேன், உன் அப்பா டிப்போவில் பஸ்ஸுக்கு அடியில் படுத்திருப்பார். நாம் இல்லாவிட்டாலும் தானே பதிவு செய்துகொள்ளும் என்று சொல்லித்தான் கடைக்காரத் தம்பி அதை என் தலையில் கட்டினார். சேனல் மாறுவதெல்லாம் செட்டாப் பாக்ஸில்தானாம், ரெக்கார்டர் அதனிடம் ரிமோட் மாதிரி வேஷம் போடுமாம். அதற்கு ஒரு ஒயர், நுனியில் பட்டாணி அளவுக்கு ஒரு பல்பு, அதைப் பாக்ஸின் முகத்துக்கு நேரே ஒட்ட வேண்டும். ஒட்டினேன். உன் சேனல் முந்நூற்று ஏழு. ரெக்கார்டர் மூன்று எண்ணையும் ஒரே மூச்சில் கொட்ட, பாக்ஸ் நடுவில் இருக்கும் பூஜ்யத்தை விழுங்கிவிட்டு முப்பத்தேழில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கே சட்டை போடாத ஒருவன் தொப்பை குறைக்கும் பெல்ட் விற்கிறான். உன் முகத்தைப் பார்க்க ஆசையாக உட்கார்ந்தவளுக்கு அரை மணி நேரம் எண்ணெய் தடவிய தொப்பை குலுங்கிக் காட்டியது. சீ!

பார்த்த வேலையை விட்டுவிட்டு நீ டி.வி.க்குப் போனதிலிருந்து உன் பேச்சையே எடுக்காத மனுஷன், அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். என்ன, உன் பொண்ணுக்கு மீசை முளைச்சிருச்சா என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் உன்னை ஒரே ஒரு தடவை அவர் பார்த்துவிட்டால் போதும் என்றுதான் நான் அந்தச் சனியனோடு மல்லுக்கட்டினேன். நீ யாருக்குப் பதிலாக வாசிக்கிறாயோ அவர் விடுப்பு முடிந்து திரும்பி வருகிறார், வெள்ளிக்கிழமையோடு உன் முறை முடிகிறது என்று வேறு நீ எழுதிவிட்டாய்.

கடைக்காரத் தம்பியைத் திரும்பக் கூப்பிட்டேன். எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில் கொஞ்சம் நிதானிக்கிற மாதிரி எதையோ மாற்றினார். கடைசியில், வாயில் மென்றுகொண்டிருந்த சூயிங்கத்தை எடுத்து அதாலேயே பல்பை ஒட்டிவிட்டு, இனிமே அசையாதுக்கா என்றார். மறுநாள் பார்த்தால் பல்பு தரையில் கிடக்கிறது, சூயிங்கம் முழுக்க எறும்பு. அன்றைக்கும் பெல்ட்காரன்தான். அந்தச் சூயிங்கத்தை விளக்குமாற்று நுனியால் தள்ளி வெளியே போட்டேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, அந்த டப்பாவையும் சேர்த்துத் தூக்கிப் போடு என்றார். பல்பை மறுபடி ஒட்ட எனக்குக் கை வரவில்லை, வெள்ளிக்கிழமை அப்படியேதான் ஆபீசுக்குப் போனேன்.

சாயங்காலம் வந்து ரிமோட்டைத் தொட்டால் பிசுபிசுவென்று கிரீஸ். கையைக் கழுவிக்கொண்டு வந்து டேப்பை ஓட்டினேன். முதலில் பழைய தொப்பை. பிறகு திரையின் மூலையில் முப்பது என்று வந்தது, யாரோ கெட்ட வார்த்தை பேசும் சண்டைப் படம். அடுத்து எழுபது. அப்புறம் மூன்று, கொஞ்சம் நிதானித்துப் பூஜ்யம், அப்புறம் ஏழு. நீ வந்துவிட்டாய், பாதிச் செய்தியில் ஒரு தடவை இருமினாய். மெஷின் அப்படித் தயங்கித் தயங்கி அமுக்காது பாப்பா.

ராத்திரி அப்பாவுக்குச் சோறு போட்டேன். தட்டைப் பார்த்தபடியே, உன் மெஷினுக்குப் புத்தி வந்துருச்சு போல என்றார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டிப்போவிலிருந்து குளிக்காமல் கொள்ளாமல் அந்தக் கையோடு வந்து எல்லாவற்றையும் அப்பிவைத்துவிட்டு இப்படி ஒரு நடிப்பு. சோபாவிலும் கிரீஸ், தேய்த்துத் தேய்த்து என் நகமெல்லாம் கறுப்பு. நானும், ஆமாம், வந்துவிட்டது என்றேன்.

உனக்கு எல்லாம் நல்லபடியாக அமையட்டும், நாங்கள் இருவரும் மனசார வாழ்த்துகிறோம். திரும்ப எப்போது வாசிக்கக் கூப்பிட்டாலும், உட்காருவதற்கு முன்னால் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்ள வேண்டுமாம், அப்போதுதான் பாதியில் இருமல் வராதாம். இதை மறக்காமல் எழுதச் சொன்னார் அப்பா. டேப்பை நான் இன்னும் அவருக்குப் போட்டுக் காட்டவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா