‘வேற யாரோடதோ’ என்றேன், அப்பா

இன்று ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் புதிதாக வந்த மெழுகு நூல் கண்டுகளைப் பிரித்தார்கள், அப்பா. அந்த வாசனை எட்டியதும் மிஷினை நிறுத்திவிட்டேன். "இன்னா, உடம்பு சரியில்லயா?" என்று பக்கத்து மிஷின்காரி கேட்டாள். ஒன்றுமில்லை என்று மறுபடி தைக்கத் தொடங்கினேன்.

பள்ளிக்கூடம் திறக்கும் முன் எங்கள் செருப்புகளை வாசலில் பரப்பிக்கொண்டு, நூலை மெழுகில் இழுத்து இழுத்துத் தைப்பீர்கள். நீங்கள் தைத்த வார் மறுபடி அறுந்ததில்லை. எங்கே கற்றீர்கள் என்று கேட்டால், "பட்டாளத்துல எல்லாந்தான் கத்துக்கணும்" என்பீர்கள். அதற்கு மேல் நாங்கள் கேட்டதில்லை.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு, போருக்குப் போனவர்களின் பெயர்களைப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கல்லில் வெட்டுவதென்று ஊரில் முடிவானது. பங்களாதேஷ் சண்டைக்குப் போனவர்களின் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை. "ஆதாரம் வேணும்மா. எந்த ரெஜிமென்ட்டு? நம்பர் இன்னா?" என்றார், கமிட்டியிலிருந்த ஓய்வுபெற்ற ஹவில்தார். எனக்கும் தெரியவில்லை, தம்பிக்கும் தெரியவில்லை. இத்தனை வருடம் உங்களோடு ஒரே வீட்டில் இருந்த பிள்ளைகள் நாங்கள். உங்கள் டிஸ்சார்ஜ் புத்தகமோ ஒரு மழையில் ஓடு ஒழுகி நைந்து போயிருந்தது.

"கல்லுல அவரு பேரு இல்லன்னா அந்தப் பக்கமே நான் போவ மாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள். உங்கள் தகரப் பெட்டியில் நம்பர் எழுதியிருந்தது அவளுக்குத்தான் நினைவு வந்தது. என் கல்யாணத்துக்கு நீல பெயின்ட் அடித்து, பாத்திரங்களை நிரப்பி, ஆம்பூருக்கு என்னோடு அனுப்பினீர்களே, அதே பெட்டி. பிளேடால் சுரண்டினேன். நீலத்துக்கு அடியிலிருந்து வெள்ளை எண்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அந்த நம்பரை வைத்து ஹவில்தார் பட்டாளத்து ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதினார். பல மாதம் கழித்து அவருக்குப் பதில் வந்தது.

கமிட்டிக் கூட்டத்துக்கு அம்மாவும் நானும் நல்ல புடவை கட்டிக்கொண்டு போனோம். ஹவில்தார் காகிதத்தைப் பிரித்துப் படித்தார். உங்கள் பெயர், தாத்தா பெயர், ஊர், கிழக்கு எல்லையில் போர்க்காலச் சேவை. எனக்கு மார்பு விம்மியது. அடுத்த வரியில் அவர் கொஞ்சம் தயங்கினார்.

"வேலை... பூட்ஸ் ரிப்பேர்."

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. "அங்கயும் செருப்புத் தெக்கத்தான் போனாரா?"

நம் தெருவை ஊர் எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டது என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் பட்டாளத்துக்குப் போய் வந்த பிறகுதான் நம் வீடு மட்டும் மிலிட்டரிக்காரர் வீடு ஆனது. அது ஒரே சிரிப்பில் போய்விடும்போல் இருந்தது. என் வாய் தானாகத் திறந்தது.

"அது எங்கப்பா இல்ல. வேற யாரோடதோ மாறி வந்திருக்கும்."

தாத்தா பெயர்வரை பொருந்திய காகிதம், அப்பா. அதைப் பொய் என்றேன். நாள் முழுக்க ஷூ தைத்துச் சம்பாதிக்கிறவள், தோல் வாசனை போகாத கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னேன்.

அம்மா எழுந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. "எம் புருஷன்தான். இன்னா வேலைன்னு பொண்ணு பாக்க வந்தன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு. பேரை எழுதுங்க."

ஹவில்தார் பேனாவை எடுத்து உங்கள் பெயரை எழுதினார்.

ஆம்பூரில் என் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். மறுநாள் காலையில் டீ டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீ சொன்னது அவரு காதுல உழுந்திருந்தா, 'உடு, சின்னப் பொண்ணு'ன்னு சொல்லியிருப்பாரு. நான் சொல்ல மாட்டேன்."

எனக்கு ஐம்பது வயதாகப் போகிறது. நான் சின்னப் பெண் இல்லை.

கல் திறந்தாகிவிட்டது. பெயர்கள் மட்டும்தான் வெட்டியிருக்கிறார்கள். யாருக்கும் வேலை போடவில்லை. அம்மா தன் முந்தானையால் உங்கள் பெயரைத் துடைத்தாள். நான் கூட்டத்தின் பின்னாலேயே நின்றுகொண்டேன்.

கம்பெனியில் யாராவது, "உங்கப்பா மிலிட்டரியாமே, துப்பாக்கி எல்லாம் சுட்டாரா?" என்று கேட்டால் இப்போது சொல்லிவிடுகிறேன்: "இல்ல. சண்டைக்குப் போனவங்களுக்கு பூட்ஸ் தெச்சுக் குடுத்தாரு." சொல்லும்போது என் குரல் இன்னும் கொஞ்சம் தாழ்ந்துதான் போகிறது. உங்களிடம் அதையும் மறைக்க விருப்பமில்லை, அப்பா.