இமைகொட்டா வேந்தரின் கணக்கில் வராத பதினைந்து நாழிகை

வெற்றி ஓங்குக! மஞ்சளாற்றுத் துறையும் மிளகு மலையும் உடையவரும், பகைவர் அணுகாதபடி எல்லையை இரவும் பகலும் விழித்துக் காப்பவருமான முல்லைக்கரை மன்னர் இமைகொட்டா நெடுங்கோவின் திருவாய்மொழிப்படி, தாய்வீடு சென்றிருக்கும் பட்டத்தரசி வானவல்லி தேவியாருக்கு ஓலைநாயகம் பனையன் எழுதும் திருமுகம். தேவியார் நலம் சிறக்க. தந்தையார் நாட்டில் மழை பொழிய. பலாப்பழம் மிகுந்தால் இங்கும் இரண்டு வர.

தேவியார் விதித்த கூலி முறை அரண்மனை அறிந்ததே. பணியாள் ஒருவர்க்கு நாளொன்றுக்கு இருபது நாழிகை, வாரத்திற்கு நூற்றிருபது. மிஞ்சினால் நாழிகைக்கு ஓர் உழக்கு நெல் இரண்டு உழக்காகும். இந்த முறையைப் பிடித்துக்கொண்டு கவரி வீசும் தத்தன் இன்று சபையில் வந்து நின்றான். வலத்தோள் ஒரு விரற்கடை இறங்கிப்போயிருந்தது. மடியை அவிழ்த்து மன்னர் முன் கொட்டினான்: பதினைந்து புளியங்கொட்டை.

களஞ்சியநாயகர் எழினியார் சேகண்டிக் கணக்கை விரித்தார். நாழிகை வட்டில் ஒருமுறை நீரில் மூழ்கினால் சேகண்டி ஒருமுறை ஒலிக்கும். தத்தன் வீசிய வேளைகளில் ஆறு நாளில் ஒலித்தது சரியாக நூற்றிருபது. ஆகவே மிகுதி ஏதுமில்லை, கொட்டையைப் பொறுக்கிக்கொண்டு குழம்பு வைக்கப் போகலாம் என்று அருளினார்.

தத்தன் அசையவில்லை. மன்னர் கண்ணயர்ந்தால் சேகண்டி அடிக்கலாகாது என்பது அரண்மனை வழக்கமாயிற்றே, ஒலி நின்றதேயன்றித் தன் கை நின்றதா என்று கேட்டான். இரண்டாம் நாள் நான்கு, நான்காம் நாள் ஆறு, ஏழாம் நாளாகிய இன்று நண்பகல் முதல் ஐந்து என வட்டில் மூழ்கும்தோறும் ஒரு கொட்டை மடியில் முடிந்ததாகவும், நெல் கிட்டாவிடில் நாளை விடியலில் கழுவை நாட்டரசனுக்கு வீசப் போவதாகவும், அங்கே வெள்ளிப்பிடிக் கவரி காத்திருப்பதாகவும் விண்ணப்பித்தான்.

சபை சில்லிட்டது. கழுவையார் நம் எல்லைப் பகைவர். மன்னர் எப்போதெல்லாம் கண்ணயர்வார் என்பதைத் தத்தனைவிட அறிந்தவர் எவருமிலர்.

மன்னரோ தாம் உறங்கவே இல்லை என்றும், கண்மூடி எல்லையைச் சிந்தித்ததாகவும் உரைத்தார். அப்படியாயின் சேகண்டி அடிக்காதவன் குற்றவாளி என்று எழினியார் திரும்ப, சேகண்டி மூக்கன் காலில் விழுந்தான். சிந்தனை சுவர் தாண்டிக் கேட்டதென்றும், இடையிடையே சீழ்க்கை போலவும் வந்ததென்றும், அதனால்தான் கோலைக் கீழே வைத்ததாகவும் முறையிட்டான். மந்திரிமார் அனைவரும் ஒருசேர உத்தரத்தைப் பார்த்தனர்.

அதன்பின் தத்தனுக்கும் ஆசை சற்று மிஞ்சியது. நாள் வரம்பை மீறியது பத்து, ஆக மொத்தம் நூற்றுமுப்பத்தைந்தாகையால் வார வரம்பை மீறியது பதினைந்து, இரண்டும் சேர்த்து இருபத்தைந்து என்றான். எல்லோருக்கும் தலை சுற்றியது. தேவியார் ஓலையைப் பனையன் எடுத்து வாசித்தான்: நாள் மிகுதியில் எண்ணிய நாழிகையை வார மிகுதியில் மறுபடி எண்ணலாகாது. அந்தப் பத்தும் பதினைந்துக்குள்ளேயே இருக்கிறது. புதிதாய்ச் சேர்வது இன்றைய ஐந்தே. தத்தன் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, தேவியார் ஊரில் இல்லாமலே கண்கொத்திப் பாம்பாய் இருக்கிறாரே என்று முணுமுணுத்தான். அதுவும் பாராட்டாகவே பதியப்பட்டது.

ஆகவே மன்னர் கட்டளை: பதினைந்து நாழிகைக்கு முப்பது உழக்கு நெல் தத்தனுக்கு அளக்கப்படுக; செலவு "எல்லைச் சிந்தனை" என்ற தலைப்பில் எழுதப்படுக; சீழ்க்கை பற்றி எவரும் வாய் திறவாதிருக்க. களஞ்சியச் சாவி தேவியாரிடம் இருப்பதால் விரைவில் அனுப்புக. நெல்லைக் கண்ணால் காணும்வரை தத்தன் வீசுவான். கண்டபின் கழுவைப் பேச்சை விடுவான்.

இவ்வாறு மன்னர் அருளி, அரக்கு உருகும்வரை மீண்டும் எல்லையைச் சிந்திக்கலானார். சேகண்டி ஒலிக்கவில்லை. வட்டில் மூழ்கிவிட்டது. தத்தன் ஒரு கையால் வீசியபடியே மறுகையால் ஓலையருகே பதினாறாவது கொட்டையை வைக்கிறான். முப்பது என்பதை முப்பத்திரண்டு எனக் கொள்க.

மன்னர் விரலைப் பிறர் ஏந்திப் பதித்தமையால் முத்திரை சாய்ந்திருக்கும், ஆணை சாயாது. மஞ்சளாறு வற்றாதவரை இது நிற்க.