வாரம் ஒரு படம்

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் இருமல் நின்றதா? நான் சுகம். பாப்பா காதில் விழக்கூடாதென்றுதான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். சர்க்கரைக்கு வாரம் ஒருமுறை போடும் ஊசியின் அளவை இந்த மாதமும் ஏற்றிவிட்டார்கள். கொஞ்சம் குமட்டல், அவ்வளவுதான். அந்த ஊசியால் எடையும் மளமளவென்று இறங்குகிறது. இங்கே வேலை பார்க்கும் சலவைக்கூடத்துச் சீருடை தொளதொளவென்று ஆகிவிட்டதால் ஊக்கு குத்திக்கொண்டு இஸ்திரி போடுகிறேன். "ஹேங்கர்ல மாட்டின மாதிரி இருக்குடி" என்று கூட வேலை செய்யும் அக்கா கேலி செய்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பாப்பா உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இது அம்மா இல்ல, வேற ஆன்ட்டி" என்றாளே, அதற்காக அவளைத் திட்டாதீர்கள். நானும் சிரித்தேனே, பார்த்தீர்கள்தானே. அப்புறம் லைன் தானாகக் கட் ஆகவில்லை. நான்தான் வைத்துவிட்டேன்.

"எடுத்த எடுப்புல முழு அளவு போட்டா உடம்பு தாங்காதும்மா, கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழக்கணும்" என்பார் இங்குள்ள நர்ஸ். இனி ஊசி போடும் நாளில் வாரம் ஒரு படம் அனுப்புகிறேன். ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் என் குண்டுப் படத்தை எடுத்துவிடாதீர்கள். அதன் பக்கத்திலேயே ஒவ்வொன்றாக ஒட்டி, அவளுக்கு என்னைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் வந்துவிட்டது.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா